காலச் சொல்லும் ஆங்கில வாக்கியமும்

உலகில் வழங்கும் மொழிகள் பலவாயினும், நிகழ்ந்ததனையும் நிகழ்வதனையும் இனி நிகழ்வதனையும் வேறுபடுத்திக் கூறவேண்டிய தேவை மக்கள் அனைவர்க்கும் ஒன்றே. அத்தேவையை ஒவ்வொரு மொழியும் தனக்கு இயைந்த வகையில் நிறைவேற்றிக்கொள்கிறது. ‘நேற்று வந்தான்’ என்னுந் தமிழ்த் தொடரில், நேற்று என்னும் சொல்லும் காலத்தைக் காட்டுகிறது. வந்தான் என்னும் வினையும் அதனையே காட்டுகிறது. இந்தி மொழியிலோ, ‘கல்’ என்னும் ஒரு சொல்லே நேற்றைக்கும் நாளைக்கும் பொதுவாய் நிற்க, இன்னது என்பதனை வினையே தெரிவிக்கிறது. சீன மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருத்திரிவதில்லை. ஆதலின் அச்சுமையிற் பெரும்பங்கைக் காலச் சொற்களும் இடமும் தாங்குகின்றன. இவ்வாறு வினைக்கும் காலச் சொல்லுக்கும் உள்ள உறவு மொழிதோறும் வேறுபடும். ஒரு மொழியில் இவ்வுறவை இளமையிலேயே பழகியவன், பிறிதொரு மொழியைக் கற்கப் புகுங்கால், தான் பழகிய உறவையே அங்கும் எதிர்பார்ப்பான். தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் இடறுமிடங்களுட் பல இவ்விடத்தனவே.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றே இதற்குக் காரணம். எம் தோழர் ஒருவர் சிற்றூரிற் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடியுமளவும் தமிழ் வழியிலேயே பயின்றவர். கல்லூரியிற் சேர்ந்த முதல் மாதத்தில், மாணவர் ஒவ்வொருவரும் எழுந்து தத்தம் குடும்பத்தைப்பற்றி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள் கூறவேண்டும் என்று பணிக்கப்பட்டது. அவர் முறை வந்தது. அவர் எழுந்து, ‘பிஃபோர் டூ இயர்ஸ் மை ஃபாதர் ஹாஸ் டைட்’ என்று தொடங்கினார். பின்வரிசையில் எழுந்த சிரிப்பு வகுப்பு முழுவதும் பரவிற்று. அவர் எஞ்சிய மூன்று வாக்கியங்களையும் கூறாமலே அமர்ந்துவிட்டார். அப்பருவம் முடியுமளவும் அவர் அவ்வகுப்பில் வாய்திறந்ததை யாம் கண்டிலேம். அவர் கூறியது இரண்டாண்டின் முன் நேர்ந்த தந்தையின் மரணம் என்பதனைச் சிரித்தவர்களுள் எத்தனை பேர் செவிமடுத்தனரோ அறியேம்.

அவ்வாக்கியத்தில் உள்ள பிழைகள் இரண்டு. இரண்டும் காலச் சொல்லைச் சார்ந்தவை. அவை எங்ஙனம் பிறந்தன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, ‘பிஃபோர்’ என்பது. தமிழில் ‘முன்’ என்னுஞ் சொல் மிக்க ஆற்றலுடையது. ‘வீட்டின் முன்’ என இடத்தைக் காட்டும். ‘திருமணத்திற்கு முன்’ என ஒரு நிகழ்ச்சியை எல்லையாகக் கொண்ட காலத்தைக் காட்டும். ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன்’ என இன்றைய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணவும் செய்யும். ஆங்கிலமோ இம்மூன்றாம் பணிக்கு வேறொரு சொல்லை வைத்திருக்கிறது. அதுவே ‘அகோ’ என்பது. ‘பிஃபோர்’ என்று கூறின், ‘எதற்கு முன்’ என்னும் வினா உடனே எழும். போருக்கு முன், தேர்வுக்கு முன் என ஓர் எல்லை வேண்டும். ‘அகோ’ என்பதற்கு எல்லை எப்போதும் பேசுவோன் நிற்கும் இந்நேரமே. அன்றியும், இச்சொல் ‘கழிந்துபோன’ என்னும் பொருள் தரும் பழைய ஆங்கில வினையெச்ச வடிவம் ஒன்றிலிருந்து வந்தது. ஆகவே ‘டூ இயர்ஸ் அகோ’ என்பது, ‘இரண்டு ஆண்டுகள் கழிந்தன’ என்பது போன்ற தொடரே. அளவு முன்னும் ‘அகோ’ பின்னும் நிற்பதன் காரணம் இதனால் இனிது விளங்கும். இன்றிலிருந்து எண்ணாமல், இறந்தகாலத்து மற்றொரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது மட்டும், ‘ஹாட்’ என்னும் துணைவினையோடு ‘டூ இயர்ஸ் பிஃபோர்’ என்று கூறுதல் பொருந்தும்.

இரண்டாவது, ‘ஹாஸ் டைட்’ என்பது. ஈண்டுத்தான் தமிழ் மாணவர்க்கு இடர்ப்பாடு மிகுதி. ‘ஐ ஹாவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே’ என்று கூறலாகாது, ‘ஐ ஸா ஹிம் எஸ்டர்டே’ என்றே கூறவேண்டும் என்பது பள்ளியிலேயே கற்பிக்கப்படும் விதி. ஆயினும் விதியை மனப்பாடம் செய்தோர் பலர்; காரணத்தை அறிந்தோர் சிலர். காரணம் யாதெனின், ‘ஹாவ்’ என்பது நிகழ்கால வினை. அதனைக் கொண்ட வாக்கியம் இறந்த நிகழ்ச்சியைக் குறிப்பதாயினும், இன்றைய நிலையைப்பற்றியே பேசுகிறது. ரைகன்பாக் என்னும் அறிஞர் 1947-இல் வெளியிட்ட அளவை நூலில், ஒரு வினையின் காலத்தை உணர மூன்று புள்ளிகளைக் கருதவேண்டும் என்றார்: பேசும் நேரம், நிகழ்ச்சி நேர்ந்த நேரம், பேசுவோன் எந்நேரத்தில் நின்று நோக்குகிறான் என்னும் நோக்கு நேரம். ‘ஐ ஸா’ என்று கூறுவோன், கண்ட அந்நேரத்திலேயே சென்று நின்று நோக்குகிறான். ‘ஐ ஹாவ் ஸீன்’ என்று கூறுவோன், இன்று நின்றுகொண்டே பின்னோக்குகிறான். ‘நேற்று’ என்னும் சொல் நோக்கு நேரத்தையே சாருமாயின், இன்று நிற்பவனை அது நேற்றைக்கு இழுக்கிறது. ஆதலின் இரண்டும் முரணுகின்றன.

ஆனால் இதனை மக்கள் அறிவுக்கெல்லாம் பொதுவான விதி என்று எண்ணுதல் தவறு. ஜெர்மானியர் தம் பேச்சில், ‘ஹாவ்’ என்பதற்கு இனமான துணைவினையையும் ‘நேற்று’ என்னும் சொல்லையும் ஒரே வாக்கியத்தில் தடையின்றி வழங்குகின்றனர். பிரெஞ்சு மொழியாளரும் அங்ஙனமே வழங்குகின்றனர். ஆங்கிலத்திலேயே முந்திய நூற்றாண்டுகளில் இவ்விதி இன்றுபோல் உறுதிப்பட்டிருக்கவில்லை. ஆங்கிலம் ஏன் இவ்வாறு விலக்குகிறது என்பது மொழியறிஞரும் எளிதில் விடுவிக்காத புதிராய் இருந்தமையால், கிளைன் என்பார் 1992-இல் இதனைப் ‘புதிர்’ என்றே பெயரிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அறிஞர்க்குப் புதிராய் இருந்த ஒன்றில் சிற்றூர் மாணவர் ஒருவர் இடறினால், அதிற் சிரித்தற்கு யாதுளது?

இனித் தமிழை நோக்குவோம். ‘நேற்று மழை பெய்தது’ என்பதும், ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ என்பதும் தமிழில் ஒருங்கே சரியான வாக்கியங்கள். ஆயினும் இரண்டும் ஒருபொருளன அல்ல. முன்னையதைக் கூறுவோன் மழையைக் கண்டவனாகலாம். பின்னையதைக் கூறுவோன் காலையில் எழுந்து, முற்றம் நனைந்திருப்பதையும் குடம் நிறைந்திருப்பதையும் கண்டு, இரவு தான் உறங்குகையில் மழை பெய்ததென்று உய்த்துணர்ந்தவன். அவன் கண்ட சான்று இன்றையது; ஆதலின் ‘இருக்கிறது’ என்னும் நிகழ்கால வினை வந்தது. மழை நேற்றையது, ஆதலின் ‘நேற்று’ என்னும் சொல் வந்தது. இரண்டும் தத்தம் பணியைச் செய்கின்றன, முரண் இல்லை. இதனை ஆங்கிலத்தில் ‘ஹாஸ் ரெயின்ட்’ என்று பெயர்த்தல் ஆகாது. ‘இட் மஸ்ட் ஹாவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று பெயர்த்தல் வேண்டும். ‘மஸ்ட்’ என்னும் துணைவினையின் பின் வரும் ‘ஹாவ்’ தானே காலங் காட்டுவதில்லை. ஆதலின் நேற்றைய இரவை அது விலக்குவதும் இல்லை.

இதனால் அறியத்தகுவது யாது? தமிழ் மாணவர் ‘ஹாஸ்’ என்பதனை ‘நேற்று’ என்பதனோடு சேர்ப்பது அறியாமையால் அன்று. தம் தாய்மொழியில் அவ்விரண்டும் இசைந்து வாழ்தலை நாடோறும் கேட்டு வளர்ந்தமையால் ஆவது. அவர் செய்தது மற்றொரு மொழியின் இலக்கணத்தைப் பிழையின்றிப் பின்பற்றியதே.

நிற்க. காலச் சொற்கள் அனைத்தும் ஒருதன்மையன அல்ல. ஆங்கிலத்தில் அவற்றை மூவகையாகப் பகுத்துக்கொள்ளின் ஐயம் நீங்கும். கதவடைத்த காலத்தைக் குறிப்பன ஒருவகை: நேற்று, சென்ற ஆண்டு, இரண்டாண்டு அகோ, 1947-இல் என்பன போல்வன. இவற்றோடு ‘ஹாவ்’ சேராது. கதவு திறந்துள்ள காலத்தைக் குறிப்பன மற்றொரு வகை: இதுவரை, ‘யெட்’, ‘சின்ஸ்’ என்பன போல்வன. இவற்றோடு ‘ஹாவ்’ இயல்பாகச் சேரும். மூன்றாம் வகையே நுட்பமானது. ‘திஸ் மார்னிங்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு ஒருவர், ‘ஐ ஹாவ் ஸீன் ஹிம் திஸ் மார்னிங்’ என்று கூறலாம். காலைப்பொழுது இன்னும் முடியவில்லை. அவரே மாலையில் அதே செய்தியைக் கூறும்போது, ‘ஐ ஸா ஹிம் திஸ் மார்னிங்’ என்றே கூறுதல் வேண்டும். சொல் மாறவில்லை, ஞாயிறு சாய்ந்தது, கதவு அடைபட்டது, வினை மாறிற்று. இவ்வழக்கிலும் நாட்டு வேறுபாடு உண்டு. ‘ஆல்ரெடி’, ‘யெட்’ முதலியவற்றோடு பிரிட்டானியர் பெரும்பாலும் ‘ஹாவ்’ சேர்ப்பர். அமெரிக்கர் பேச்சில் அஃதின்றியும் வழங்குவர்.

தாய்மொழி இடறச் செய்யும் இடங்கள் இருப்பன போலவே, கைகொடுக்கும் இடங்களும் உள. ‘ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று பலர் கூறக் கேட்கிறோம். ‘இரண்டு ஆண்டுகளாக இங்கே பயில்கிறேன்’ என்னும் தமிழ் நிகழ்கால வினையைக் கொண்டது. அதனால் ஆங்கிலத்திலும் நிகழ்காலம் வந்து புகுந்தது. அங்கே ‘ஹாவ் பீன் ஸ்டடியிங்’ என்றல் வேண்டும் என்பது புதிதாகக் கற்கவேண்டிய செய்தியே. ஆனால் ‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்னும் இரண்டனுள் எது வரும் என்று மயங்குவார்க்குத் தமிழே விடை கூறும். ‘ஜூன் முதல்’ என்பதும் ‘இரண்டு ஆண்டுகளாக’ என்பதும் தமிழில் ஒன்றற்கொன்று மாறி வருவனவல்ல. தொடங்கிய நாளைக் காட்டும் ‘முதல்’ வருமிடத்துச் ‘சின்ஸ்’ வரும்; கழிந்த அளவைக் காட்டும் ‘ஆக’ வருமிடத்து ‘ஃபார்’ வரும். இவ்வேறுபாட்டை நாம் பேசத் தொடங்கிய நாள் முதலே அறிவோம். அறிந்திருக்கிறோம் என்பதை மட்டுமே அறியோம்.

‘இன்னும்’ என்னுஞ் சொல்லும் இவ்வாறு நோக்கத்தக்கது. ‘இன்னும் இருக்கிறான்’, ‘இன்னும் வரவில்லை’ என இரண்டிடத்தும் தமிழில் ஒரு சொல்லே வரும். ஆங்கிலத்தில் முன்னையதற்கு ‘ஸ்டில்’ என்பதும், பின்னையதற்குப் பெரும்பாலும் ‘யெட்’ என்பதும் வரும். ‘இன்று காலை’ என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘டுடே மார்னிங்’ என்பாரும், ‘நேற்று இரவு’ என்பதனை ‘எஸ்டர்டே நைட்’ என்பாரும் பலர். ‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’ என்பனவே செம்மையான ஆங்கில வழக்கு.

இனி, காலச் சொல் வாக்கியத்தில் நிற்கும் இடத்தைப்பற்றிச் சிறிது கூறுவோம். ‘நேற்று மதுரையில் அவரைக் கண்டேன்’ என்பது தமிழ். இதனை ஆங்கிலத்தில் ‘ஐ ஸா ஹிம் இன் மதுரை எஸ்டர்டே’ என்பர். எழுவாயை நீக்கிவிட்டு நோக்கின், தமிழில் நேற்று, மதுரையில், அவரை, கண்டேன் என நின்ற முறை, ஆங்கிலத்தில் கண்டேன், அவரை, மதுரையில், நேற்று என முற்றும் தலைமாறி நிற்றலைக் காணலாம். கண்ணாடியில் தெரியும் உருவம் இடம்வலம் மாறித் தோன்றுவது போன்றது இது. நாளும் மணியும் கூறுமிடத்தும் இவ்வாறே. நாம் ‘ஜூன் மாதம் பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு’ எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகிறோம். ஆங்கிலேயர் ஆறு மணியில் தொடங்கி மாதத்திற்கு ஏறுகின்றனர். ‘எஸ்டர்டே’ என்பது வாக்கியத்தின் முதலிலும் வரலாம், இறுதியிலும் வரலாம். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே புகுதல் மட்டும் ஆகாது. ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ முதலியன பொது வினைக்கு முன்னும், ‘இஸ்’ முதலியவற்றிற்கும் முதல் துணைவினைக்கும் பின்னும் நிற்றல் இயல்பு. ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்’ என்பதனையும் ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்’ என்பதனையும் ஒப்பிட்டு இதனை உணர்க.

தமிழிலக்கணம் காலத்தைப்பற்றி நெகிழ்ச்சியற்றது என்று எண்ணுவாரும் உளர். அஃது உண்மையன்று. விரைவு முதலிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக வருதலை நன்னூலார் இசைந்து அமைத்துள்ளார். வாயிலில் நின்று தோழன் அழைக்க, உள்ளே உண்டுகொண்டிருப்பவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறான். அவன் இன்னும் கை கழுவவில்லை. தமிழர் எவரும் அவனைப் பொய்யன் என்று கூறார். ஆனால் அதனையே ‘ஐ ஹாவ் கம்’ என்று ஆங்கிலத்திற் கூறின், கேட்போர் வாயிலை நோக்குவர். ‘ஐ ஆம் கமிங்’ என்பதே அவர் வழக்கு. ஒவ்வொரு மொழியும் எந்த இடத்தில் நெகிழும், எந்த இடத்தில் நெகிழாது என்பதனை அறிதலே இலக்கண அறிவின் பயன்.

மேற்கூறியவற்றுட் பலவற்றை யாமும் எம் தோழரும் விடுதியின் மாடியில் மாலைதோறும் அமர்ந்து, ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்புறம் தமிழும் வலப்புறம் ஆங்கிலமுமாக எழுதிப் பார்த்தே தெளிந்தேம். முதல் நாள் அவர், தமிழ் வழியிற் படித்ததுதான் தம்மைக் கெடுத்ததோ என்று வினவினார். நனைந்த முற்றத்தைப்பற்றிய வாக்கியங்களை எழுதிக் காட்டியபின் அவ்வினா மீண்டும் எழவில்லை. பின்னர் விதியைத் தாமே சுருக்கி, ‘நாள் வந்தால் ஹாவ் போகும்’ என்று ஒரு தொடர் கட்டினார். எந்த இலக்கண நூலும் இத்துணைச் சுருங்கக் கூறியதை யாம் கண்டிலேம். அடுத்த கல்வியாண்டில், மாணவர் கூட்டமொன்றில் தம்மை அறிமுகஞ் செய்துகொள்ள நேர்ந்தபோது, அவர் தாமே எழுந்து, முன்பு நின்றுபோன வாக்கியத்தைக் கூறினார். தாளில் ‘டூ இயர்ஸ் அகோ’ என்று எழுதியிருந்ததை ‘த்ரீ இயர்ஸ் அகோ’ என்று திருத்தியிருந்தார். ‘அகோ’ என்பது என்றும் இன்றிலிருந்தே எண்ணும் சொல்லாதலின், ஆண்டு ஒன்று கழிந்தமையால் எண்ணும் மாறவேண்டியதாயிற்று. எவரும் சிரிக்கவில்லை. எஞ்சிய மூன்று வாக்கியங்களையும் அவர் கூறி முடித்தார்.

பிறமொழி கற்போர்க்கு அவர்தம் மொழி வாயிலாகவே வழிகாட்டுதல் புதிய முறையன்று. சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் இயற்றிய தமிழிலக்கணம் 1716-இல் ஜெர்மனியிலுள்ள ஹல்லே நகரில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. இந்நூல்கள் யாருக்காக எழுந்தன? தமிழைப் புதிதாகக் கற்கவந்த ஐரோப்பியருக்காக எழுந்தன. அவர்கள் அறிந்த இலத்தீனை அடிப்படையாகக் கொண்டு, அறியாத தமிழ் அவர்கட்கு விளக்கப்பட்டது. கற்றுத் தேர்ந்த அப்பெரியோர்க்கே தம் மொழியின் துணை வேண்டியிருந்ததெனின், பதினேழு வயதில் கல்லூரி வாயிலை மிதிக்கும் நம் சிற்றூர் மாணவர்க்கு அத்துணை வேண்டாவோ?

ஆதலின் எம் விண்ணப்பம் இரண்டு. ஆங்கிலங் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், காலச் சொற்களைக் கற்பிக்குங்கால், ‘இது பிழை’ என்பதனோடு அமையாது, ‘தமிழில் இஃது இவ்வாறு; ஆங்கிலத்தில் இவ்வாறு’ என்று ஒப்பிட்டுக் காட்டுவாராக. ஐந்து நிமிடத்திற் காட்டக்கூடிய அவ்வேறுபாடு, ஓராண்டுத் திருத்தத்தினும் நிலைத்துப் பயன்தரும். உடன்பயிலும் நண்பர்கள், ஒருவர் எழுந்து பேசும்போது, வாக்கியம் எவ்வாறு அமைந்தது என்று ஆராயுமுன் அவர் கூறவந்த செய்தியைக் கேட்பாராக. பிழை திருத்த எவ்வளவோ நாள் உண்டு. சிரிப்பினால் ஒருவரும் ‘அகோ’ கற்றதில்லை, பேசாதிருக்கவே கற்றனர். பேசாதிருப்பவர்க்கு எந்தக் காலச் சொல்லும் வேண்டுவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.